மீனை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏஞ்சல் மீன் வாங்க வருபவர் கடையில் முதலில் கேட்பது, "இது பவளத்தைக் கடிக்குமா?" என்பதுதான். 'ரீஃப் சேஃப்' என்றோ, 'கொஞ்சம் பார்த்து வையுங்கள்' என்றோ பதில் வரும். இரண்டுமே வாங்குபவருக்கு உதவாத பதில்கள். எந்த மீன், எந்தப் பவளத்தோடு என்று சேர்த்துச் சொன்னால்தான் அது பதில்.

ஏஞ்சல்கள் எல்லாம் ஒரே குடும்பம்தான். இரை மட்டும் வேறுவேறு. லமார்க், வதனபே போன்ற ஜெனிகாந்தஸ் இனங்கள் நடுநீரில் மிதவை உயிரிகளைத் தின்று வாழ்பவை. பவளத் தொட்டிக்கு இவற்றைவிடப் பொருத்தமான ஏஞ்சல் இல்லை. நீந்த இடமும் தொட்டிக்கு மூடியும் இருந்தால் போதும். ஃப்ளேம், கோரல் பியூட்டி போன்ற குட்டை இனங்கள் பாறையில் படரும் பாசியையும் கசடையும் மேய்பவை. எம்பரர் கதை வேறு. மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கடலிலும் காணப்படும் இந்த மீனின் குஞ்சு, கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடு விரல் நீளத்தில் கண்ணைப் பறிக்கும். வளர்ந்தால் 40 சென்டிமீட்டர் வரை போகும். கடற்பஞ்சும் பாறையில் ஒட்டிவாழும் மற்ற உயிர்களும் அதன் இரை. மூன்றடி பவளத் தொட்டி வைத்திருப்பவருக்கு அதை விற்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சிக்கல் அதிகம் வருவது குட்டை இனங்களில்தான். ஃப்ளேம் ஏஞ்சல் பாறையைக் கொத்திக்கொண்டே வரும்; வழியில் லோபோஃபிலியா பவளத்தின் ஓரத்திலும் ஒரு கொத்து. சதை சுருங்கும், சற்று நேரத்தில் மெல்ல விரியும், அதற்குள் மீன் திரும்பி வந்திருக்கும். அது கிள்ளுவது பெரும்பாலும் பவளம் சுரக்கும் சளியைத்தான் என்பதால் காயம் எதுவும் கண்ணில் படாது. ஆனால் பகல் முழுவதும் சுருங்கியே கிடக்கும் பவளத்தில், சதைக்குள் வாழும் பாசிக்கு வெளிச்சம் போதாமல் போகிறது. பவளம் மெலிகிறது; சில வாரங்களில் விளிம்பில் வெள்ளை எலும்பு தெரிகிறது. தொட்டிக்காரரோ அதுவரை கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருப்பார். ஆள் கிட்டே போனால் மீன் மேய்வதை நிறுத்திவிட்டுத் தீனிக்காக முன்னால் வந்து நிற்கும். ஆகவே சந்தேகம் வந்தால் கைபேசியைத் தொட்டிக்கு எதிரே நிறுத்தி ஒரு மணி நேரம் படம் பிடிக்கச் சொல்லுங்கள்.

லோபோஃபிலியா, ட்ராக்கிஃபிலியா போன்ற சதைப்பற்றுள்ள பவளங்கள், ஜோயந்தஸ், ட்ரைடாக்னா சிப்பி ஆகியவை அதிகம் அடிபடும். அக்ரோபோரா, மாண்டிபோரா பெரும்பாலும் தப்பிக்கும். ஃப்ளேம் ஏஞ்சல் வேண்டும் என்று ஆசைப்படுபவர் அதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துவரும் பவளங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். நடைமுறையில் நடப்பது இதற்கு நேர்மாறு. பாறையை ஒட்டி, பவளங்களை நட்டு, எல்லாம் வளர்ந்து நிற்கும்போது கடைசியாக ஏஞ்சல் வந்து இறங்குகிறது. பிறகு அதை வெளியே எடுக்கப் பொறி வைத்துக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாறையைப் பெயர்க்க வேண்டும்.

பசித்த மீன் அதிகம் கொத்தும். எனவே தனித்தொட்டியிலேயே கடற்பஞ்சு கலந்த உறைதீனிக்கும் நோரிக்கும் பழக்கிவிட்டு, பிறகு மாற்றுங்கள். வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்ற முடியாது என்பதால் தனித்தொட்டி எப்படியும் தேவை. குட்டை ஏஞ்சல்கள் செம்பை எளிதில் தாங்காதவை. அளவைச் சோதித்துச் சோதித்தே ஏற்ற வேண்டும்.

பண்ணையில் பிறந்த ஏஞ்சல்கள் இப்போது கிடைக்கின்றன. இவற்றின் இளவுயிரிகளுக்கு ரோட்டிஃபரே பெரிது; கோப்பிபாட் குஞ்சுகளைக் கொடுத்து வளர்க்கும் முறையை ஹவாயில் ஃபிராங்க் பென்ஷ் போன்றோர் பாடுபட்டு உருவாக்கினார்கள். பிலிப்பைன்ஸ் கடலில் சயனைடு அடித்துப் பிடித்த மீனோடு ஒப்பிட்டால், கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குவதே நியாயம். உருண்டைத் தீனியை எடுக்கப் பழகியே வருகிறது. ஆனாலும் பண்ணை மீன் கொத்தாது என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்த இதழிலிருந்து எங்கள் மீன் அட்டவணையில் 'ரீஃப் சேஃப்' என்ற கட்டம் இருக்காது. அந்த இடத்தில் முழு வளர்ச்சி நீளம், இயற்கை இரை, அடிபடக்கூடிய பவளங்கள் என்று மூன்று கட்டங்கள் வரும். கடைக்காரர்கள் அதையே தொட்டிச் சீட்டிலும் எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.