பி.காம். காரனுக்கு சங்கேதம் எதுக்கு?

போன வாரம் நடந்த கதை இது. வெளியூர்ல ஒரு சங்கேத உடைப்புப் போட்டி. எங்கள் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) அதற்கு அணி சேர்த்தார்கள். நானும் பேர் கொடுக்கப் போனேன்.

"என்ன டிபார்ட்மென்ட்?"

"பி.காம். மூணாம் வருஷம் சார்."

பேனா நின்றது. "தம்பி, இது கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு. நீ போய் டேலி கத்துக்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சார், நான் முதல் சங்கேதத்தை உடைத்தது பிளஸ் ஒன் படிக்கும்போது. கம்ப்யூட்டரில் இல்லை, சிதம்பரத்தில் எங்கள் தாத்தாவின் ஜவுளிக்கடையில். ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு இருக்கும். விற்கும் விலை எண்ணில், வாங்கிய விலை எழுத்தில். 300 ரூபாய் வேட்டியில் "டசிழ". 600 ரூபாய் சேலையில் "சிழழ". பேரம் பேசுகிறவருக்குப் புரியாது. கடைப் பையனுக்கு எவ்வளவு இறங்கலாம் என்று தெரியும்.

முக்கால்வாசி சீட்டு "ழ"வில் முடிந்தது. அப்போ அது பூஜ்யம். தாத்தா அடிக்கடி சொல்வது, "துணியில அஞ்சுக்கு ஒண்ணு லாபம்". அதாவது 5 ரூபாய்க்கு வாங்கினால் 6 ரூபாய்க்கு விற்பது. 600க்கு விற்றால் அடக்கம் 500, ஆகவே சி = 5. 300க்கு விற்றால் 250, அங்கேயும் நடுவில் "சி" வந்து நின்றது. ட = 2. நாலு நாளில் சாவி முழுசாகக் கிடைத்தது: க, ட, லூ, ர், சி, த, ம், ப, ர. சரக்கு எடுத்த ஊரும் விற்ற ஊரும்! "கடலூர் சிதம்பரம்" என்பதில் திரும்ப வரும் எழுத்தை விட்டால் சரியாக ஒன்பது எழுத்து. தாத்தா திட்டுவார் என்று நினைத்தேன். "வெளிய சொல்லிடாதடா" என்றதோடு சரி.

இதில் எனக்கு உதவியது என்ன? எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணியது பாதி. மீதிப் பாதி, லாபக் கணக்கு. ரகசியத்தை எழுதியவன் என்ன தொழில் செய்கிறான், என்ன எழுதியிருப்பான் என்று தெரிந்தவனுக்குத்தான் பூட்டு திறக்கும். வியாபாரி ரகசியமாகப் பேசுவதற்கு "குழூஉக்குறி" என்று நன்னூலிலேயே பேர் இருக்கிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் "பறி" என்றது பள்ளிக்கூட உதாரணம்.

இன்னொன்று. டிரையல் பேலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், எங்கேயோ 54ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகப்படச் சொல்லித்தருகிறார்கள். அது மீதிக் கணிதம். 1977ல் வந்த ஆர்.எஸ்.ஏ. முறைக்கும் அஸ்திவாரம் மீதிக் கணிதம்தான். ஜி.எஸ்.டி. எண்ணின் 15வது எழுத்து எதற்கு? மற்ற 14ல் தப்பு இருக்கிறதா என்று பார்க்க. இதையெல்லாம் தினமும் தொடுகிறவன் வணிகவியல் மாணவன்.

கணிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பகா எண், மீதி, நிகழ்தகவு இல்லாமல் இன்றைய சங்கேதத்தில் ஒரு அடி நகர முடியாது. கற்றுக்கொள்கிறேன். ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவனை வாசலிலேயே துறை கேட்டு அனுப்புவது என்ன நியாயம்?

வரலாற்றைப் பாருங்கள். லீனியர் பி எழுத்தை 1952ல் படித்துக்காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் கட்டடக் கலைஞர். 1942ல் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டியில் கலந்துகொண்டவர்களில் சிலரை பிளெட்ச்லி பார்க்குக்கு அழைத்துக்கொண்டார்கள். நம்ம ஐராவதம் மகாதேவன்? ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1965ல் புகலூர்க் கல்வெட்டில் சேர அரசர்களின் பெயர்களைப் படித்தார். சிந்து எழுத்தைப் படித்துக்காட்டினால் 10 லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தாரே, பி.காம். காரன் வரக்கூடாது என்றா சொன்னார்?

சரி, இப்போது என்ன செய்கிறோம்? நாங்களே மூன்று பேர் சேர்ந்துவிட்டோம். நான், கணிதம் படிக்கும் நண்பன், பி.ஏ. தமிழ் படிக்கும் தோழி. சிதம்பரம் - கடலூர் பஸ்ஸில் காலையும் மாலையும் ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஒருவர் பூட்டுவார், இருவர் திறக்கவேண்டும். போன் தொடக்கூடாது. நோட்டில் அதிகம் ஜெயிப்பது தமிழ்த் தோழிதான். "ற, ன, ழ, ள எல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது. ஒரு சொல் ப்-ல முடிஞ்சா அது சந்தி, அடுத்த சொல் ப-வுலதான் ஆரம்பிக்கும்" என்று இலக்கணத்தை வைத்தே பாதியை உடைத்துவிடுகிறாள். அவளையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கமாட்டார்கள்.

2014ல் தொடங்கிய என்.எஸ்.யு.கிரிப்டோ என்ற சர்வதேசப் போட்டியில் பள்ளி மாணவர், கல்லூரி மாணவர், தொழில்முறையாளர் என்றுதான் பிரிக்கிறார்கள். இணையத்தில் நாமே பதிவு செய்யலாம், பட்டியல் எழுத யாரும் தேவையில்லை. அதில் உட்காரப்போகிறோம். தோற்கலாம், முதல் தடவை தோற்கத்தான் செய்வோம். ஆனால் தோற்றது கணக்கில் என்று இருக்கட்டும், டிபார்ட்மென்டில் வேண்டாம்.

சார், டேலியும் கத்துக்கிட்டேன் :-)