எல்லாம் ஒன்றுதானா?

சில மாதங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகைக்குச் சிறுகதை அனுப்பியிருந்தேன். கதையில் ஒரு பெண். இரண்டு மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்புக் கண்டு உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருப்பாள். பெற்ற குழந்தை ஓடி வந்து கட்டிக்கொண்டால்கூட அவள் மனம் அசையாது. அவளைப் பார்க்கும் டாக்டர், "இது மனச்சோர்வு என்கிற நோய் அம்மா, இதற்கு மருந்து உண்டு" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். கதை அச்சாகி வந்தது. அதில் டாக்டர், "இது மன அழுத்தம் அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உதவி ஆசிரியரைக் கேட்டேன். நல்ல பிள்ளை, நிறையப் படிக்கிறவர், என் மீது மரியாதை உள்ளவர். "மன அழுத்தம்னு போட்டா எல்லாருக்கும் புரியும் சார். எல்லாம் ஒன்றுதானே?" என்றார்.

ஒரு சொல்லை மாற்றியதற்காக எழுத்தாளன் கோபப்படுவது வழக்கமான விஷயம். அந்தக் கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் அந்த "எல்லாம் ஒன்றுதானே" என்ற வார்த்தை மட்டும் ஆறவில்லை. ஏனென்றால் இது அந்தப் பிள்ளை ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல. நம் பத்திரிகைகள், டெலிவிஷன், ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து சொல்வது அது. பரீட்சைக்குப் பயப்படும் பையனுக்கு மன அழுத்தம். வேலை குவிந்து கிடக்கும் குமாஸ்தாவுக்கு மன அழுத்தம். மாமியாரோடு சண்டை போட்டவளுக்கு மன அழுத்தம். படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத நோயாளிக்கும் மன அழுத்தம். ஒரே களிம்பை எல்லாப் புண்ணுக்கும் தடவுகிறோம்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன். பட்டம் வாங்கும் அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வருஷத்தில் மண்டையில் ஏறியது ஒன்று உண்டு: ஒரு சொல்லைச் சொன்னால் அதை எப்படி அளப்பது என்றும் சொல்ல வேண்டும். அந்தச் சிறு படிப்பை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

இந்த 'ஸ்ட்ரெஸ்' என்ற ஆங்கிலச் சொல், சாஸ்திரத்துக்குள் நுழைந்தது என்ஜினீயர்களின் வாசல் வழியாக. பிரெஞ்சுக் கணித மேதை கோஷி 1822-ல் அதன் கணக்கை வகுத்தார். அதே நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து என்ஜினீயர் ராங்கின் போன்றவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைப் பிரித்து நிறுத்தினார்கள். ஒன்று ஸ்ட்ரெஸ், மற்றது ஸ்ட்ரெயின். ஒரு கம்பியில் பாரத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். பாரத்தைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது ஸ்ட்ரெஸ். அதனால் கம்பி எவ்வளவு நீண்டதோ அதை அதன் பழைய நீளத்தால் வகுத்தால் கிடைப்பது ஸ்ட்ரெயின். முதலாவது கம்பிக்கு நேர்ந்தது. இரண்டாவது கம்பி ஆனது.

நம் பாடப் புத்தகங்களில் இவற்றுக்குத் தகைவு, திரிபு என்று பெயர். அருமையான சொற்கள். தகைதல் என்றால் தடுத்தல். வெளியிலிருந்து வரும் பாரத்தை உள்ளே நின்று தடுக்கும் விசை தகைவு. பௌதிகத்தில் 'அழுத்தம்' என்பது வேறு. அது காற்றும் தண்ணீரும் தருவது. தகைவுக்கும் அழுத்தத்துக்கும் அளவை ஒன்றுதான், இத்தனை பரப்புக்கு இத்தனை விசை என்று. அப்படியிருந்தும் இரண்டையும் ஒன்று என்று எந்தப் பௌதிக வாத்தியாரும் சொல்லமாட்டார். சொன்னால் பாலம் விழுந்துவிடும்.

இலங்கைத் தமிழர் காற்றின் அழுத்தத்தை அமுக்கம் என்கிறார்கள். ரத்தத்தினுடையதைக் குருதி அமுக்கம் என்கிறார்கள். அங்கே அழுத்தம் என்ற சொல்லுக்கு இவ்வளவு வேலை இல்லை. இங்கேயோ காற்றழுத்தம், ரத்த அழுத்தம், மின்னழுத்தம் என்று ஏற்கெனவே மூன்று ஆள் வேலை பார்த்துக்கொண்டிருந்த சொல்லின் தலையில் நாம் மனசையும் ஏற்றி வைத்தோம்.

மனசுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது? வியன்னாவில் 1907-ல் பிறந்து கனடாவில் குடியேறிய டாக்டர் ஹான்ஸ் ஸெல்யே என்பவர் எலிகளை வைத்துச் சோதனை செய்தார். குளிரில் வைத்தாலும், மிதமிஞ்சி ஓடவிட்டாலும், விஷப் பொருளை ஊசியில் ஏற்றினாலும் எலிகளுக்கு ஒரே மாதிரி மூன்று விளைவுகள் கண்டன. அட்ரீனல் சுரப்பி வீங்கியது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. 1936-ல் 'நேச்சர்' பத்திரிகையில் சின்னக் கடிதமாக இதை வெளியிட்டார். பிறகு இதற்கு அவர் வைத்த பெயர்தான் ஸ்ட்ரெஸ்.

இங்கேதான் கோளாறு. எலியின் உடம்பில் நேர்ந்த மாறுதல், என்ஜினீயர் பாஷையில் ஸ்ட்ரெயின், திரிபு. அவர் தகைவின் பெயரைத் திரிபுக்கு வைத்துவிட்டார். அப்போது தம் ஆங்கிலம் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு இல்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆகவே பாரத்தைக் குறிக்க 'ஸ்ட்ரெஸ்ஸர்' என்று புதிதாக இன்னொரு சொல்லைப் படைக்க வேண்டி வந்தது.

"பெயரில் என்ன இருக்கிறது?" என்பீர்கள். பழி யார் மேல் விழுகிறது என்பது இருக்கிறது. உத்தரம் விரிசல் விட்டால் என்ஜினீயர் உத்தரத்துக்கு உபதேசம் செய்வதில்லை. மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல்வதில்லை. பாரம் எவ்வளவு, பரப்பு எவ்வளவு, இந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று கேட்பார். சாதாரண மெல்லெஃகு, சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 250 நியூட்டன் வரை தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அந்தக் கணக்கை மீறி ஏற்றியவன்தான் குற்றவாளி.

அதே சொல் ஆபீசுக்குள் நுழைந்ததும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. நான்கு பேர் வேலையை இரண்டு பேர் தலையில் கட்டிவிட்டு, அந்த இரண்டு பேருக்கும் ஸ்ட்ரெஸ் என்று பெயர் சூட்டி, அதைச் 'சமாளிக்க' ஒரு பிரசங்கியாரை அழைத்து வருகிறார்கள். பிரசங்கத்தில் பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. உலக சுகாதார ஸ்தாபனமே 2019-ல் வேலையால் வரும் களைப்பை வர்ணித்தபோது, வெற்றிகரமாகச் சமாளிக்கப்படாத வேலையிட ஸ்ட்ரெஸ்ஸின் விளைவு அது என்றது. யார் சமாளிக்கத் தவறியது? அந்த வாக்கியத்தில் எழுவாயைக் காணோம்.

பாரத்தை அளக்க முடியாது என்று சொல்லாதீர்கள். அளந்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் 17,000-க்கும் மேற்பட்டவர்களை 1967 முதல் கவனித்துவந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. பொறுப்புச் சுமக்கும் பெரிய அதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்று ஊரெல்லாம் நம்பியிருந்தது. கண்டது நேர்மாறு. அடிமட்டத்துச் சேவகர்கள், மேல்மட்ட அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இருதய நோயில் இறந்தார்கள். புகைப் பழக்கம், ரத்த அழுத்தம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் வித்தியாசத்தில் பெரும் பகுதி எஞ்சி நின்றது. தன் வேலையைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் தன்னிடம் இல்லாமையும் ஒரு பாரம் என்று அடுத்தடுத்த ஆராய்ச்சிகள் காட்டின.

சொல் குழம்பினால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்க வேண்டும். சிகரெட் கம்பெனிகளின் அந்தரங்கக் கடிதங்கள் அமெரிக்க வழக்குகளால் வெளியே வந்தபோது, ஸெல்யே அந்தக் கம்பெனிகளிடம் பணம் பெற்றதும் வெளியே வந்தது. 1969-ல் கனடாப் பாராளுமன்றக் கமிட்டியின் முன் அவர் புகைப்பதற்குச் சாதகமாகவே பேசினார். இருதய நோய்க்குக் காரணம் சிகரெட் அல்ல, ஸ்ட்ரெஸ். அதைத் தணிப்பதுதான் சிகரெட் என்றால் எந்த வியாபாரிக்குக் கசக்கும்? எதையும் குறிக்கக்கூடிய சொல், எவன் குற்றத்தையும் மறைக்கவும் உதவும்.

வயிற்றுப் புண்ணின் கதையும் இதுதான். எத்தனையோ வருஷம், "கவலைப்படாதே, ஸ்ட்ரெஸ்ஸைக் குறை" என்று நோயாளிக்கே புத்தி சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை 1982-ல் பிரித்தெடுத்தார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமியால் வரும் புண்ணுக்குச் சில வார மருந்து போதும். அதுவரை புண்ணோடு பழியையும் சேர்த்துச் சுமந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சொற்கள் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி அல்ல. கதை எழுதுகிறவன் உவமையை எப்படி வெறுப்பான்? நீராவி என்ஜினுக்காக 1865-ல் கிளாசியஸ் படைத்த 'என்ட்ரொப்பி' என்ற சொல்லை 1948-ல் ஷானன் செய்திப் போக்குவரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சொல் தன் சூத்திரத்தையும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. ஸ்ட்ரெஸ் அப்படிப் போகவில்லை. அளவுகோலை என்ஜினீயர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியது.

அந்தச் சொல்லால் நன்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2017-ல் வந்த மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடுமையான ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஆளானவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. ஜெயிலுக்குப் போக வேண்டியவரைச் சிகிச்சைக்கு அனுப்பியது அந்த ஒரு சொல். அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் சட்டம் அதை இரக்கத்தின் வாசலாக வைத்தது. நாம் அதையே நோயின் பெயராக்கிவிட்டோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'டிப்ரெஷன்' என்ற சொல் வானத்துக்கும் உண்டு, மனசுக்கும் உண்டு. வங்கக் கடலில் அது உருவானால் நம் ரேடியோ என்ன சொல்கிறது? காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதாவது அழுத்தம் குறைந்த இடம். அதே சொல் மனசில் உருவானால் மட்டும் மன அழுத்தமாம்! மீனவர்களுக்குச் செய்தி சொல்லும்போது இந்தத் தவறைச் செய்வோமா? செய்தால் படகு திரும்பாது என்று தெரியும். மனசின் விஷயத்தில் அப்படி ஒரு பயம் நமக்கு இல்லை.

ஸ்ட்ரெஸ் என்பது பாரம் இறங்கினால் பெரும்பாலும் இறங்குவது. மனச்சோர்வு அப்படி இல்லை. குறைந்தது இரண்டு வாரம், நாள் முழுவதும், எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு நிற்கும் நோய் அது. நெடுநாள் பாரத்தாலும் வரலாம். ஒரு பாரமும் இல்லாதவருக்கும் வரலாம். 2015-16-ல் நம் நாட்டில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 20 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்றது. மனநோய்களுக்குச் சிகிச்சை பெறாதவர்கள், நோய்க்கு நோய் மாறுபட்டு, 70 முதல் 92 சதவீதம் வரை என்றும் சொன்னது. சிகிச்சை பெறாததற்கு வறுமை, தூரம், வெட்கம் என்று பல காரணங்கள் உண்டு. அந்த ஜாபிதாவில் நம் அகராதியையும் சேர்க்கச் சொல்கிறேன். அழுத்தம் என்றால் யார் டாக்டரிடம் போவார்கள்? "யாருக்குத்தான் இல்லை?" என்றுதானே கேட்பார்கள்?

மனச்சோர்வு என்பது பூரணமான சொல் என்று நான் வாதாடவில்லை. நாளைக்கு ஒருவர் அதைவிட நல்ல சொல் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பாரத்துக்கு ஒரு பெயர், அதனால் ஆள் படும் பாட்டுக்கு ஒரு பெயர், நோய்க்கு ஒரு பெயர் என்று மூன்று பெயர் வேண்டும். அந்தப் பெயர்கள் ஒன்றின் நாற்காலியில் ஒன்று உட்காரக் கூடாது. தகைவு என்றும் திரிபு என்றும் இரும்புக்குப் பிரித்துக் கொடுத்த தமிழ், மனுஷனுக்குக் கொடுக்கக் கையை மூடிக்கொள்ளாது.

அந்தக் கதைக்கு ஒரு வாசகி கடிதம் எழுதினார். "கதையில் வரும் பெண் அச்சாக என் தங்கையைப் போலவே இருக்கிறாள். டாக்டர் மன அழுத்தம் என்று சொன்னதைப் படித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. வீட்டு வேலை அதிகம், அதனால்தான். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம்" என்று எழுதியிருந்தார்.

கதையில் டாக்டர் மருந்து உண்டு என்று சொன்னது அப்படியே இருந்தது. ஆனால் அழுத்தத்துக்கு யாராவது மருந்து வாங்கப் போவார்களா? அன்றைக்கே பதில் எழுதினேன். "அம்மா, அது அச்சில் மாறிவிட்ட சொல். தங்கையை இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்" என்று. பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போய் உதவி ஆசிரியரின் மேஜை மேல் வைத்தேன். படித்தார். அதன் பிறகு, எல்லாம் ஒன்றுதானே என்று அவர் கேட்கவில்லை.