வெடிக்கு அசராத நாய்

ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ ஷெப்பர்டோ, ஒரு குட்டியை வாங்கி வெச்சுட்டு "ஏதாவது கிளப்ல சேத்து வொர்க்கிங் டாக் ஆக்கணும்"னு நினைக்கிறீங்களா? இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வெச்சுக்கிட்டுப் படிங்க.

நான் கால்நடை மருத்துவர் இல்லை, நாய் டிரெய்னரும் இல்லை. விருதுநகர் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில டியூட்டி பாக்குற எம்.பி.பி.எஸ். "நாயைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?"னு கீழ கமெண்ட் வரும். வரட்டும். நாயோட கயித்தைப் பிடிச்சிருக்கிற ஆளைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஞாயித்துக்கிழமை மதியம் கையில துண்டைச் சுத்திக்கிட்டு காஷுவாலிட்டிக்கு வர்றது அவர்தான்.

"என்ன கடிச்சது?"ன்னு கேட்டா, "தெரு நாய் சார்"ம்பார். தெரு நாய் பெரும்பாலும் கெண்டைக்கால்ல ஒரு கடி கடிச்சுட்டு ஓடிரும். இவருக்கு முன்னங்கையில, நல்லாக் கவ்வி உலுக்கின கடி. கழுத்துல விசில் தொங்குது. ரெண்டாவது தடவை மெதுவாக் கேட்டா விஷயம் வரும். "கிளப்ல சார். சேந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. கிளப் பேரு கெட்டுரும், தெரு நாய்னு சொல்லிக்கோன்னு மாஸ்டர் சொன்னாரு."

இந்த மாதிரி ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. அதனாலதான் எழுதுறேன். இந்தப் பொய் எவ்வளவு ஆபத்துன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஒரு படிச்ச, சம்பாதிக்கிற, வீட்டுல நாலு பேருக்கு முடிவு எடுக்குற ஆளு, அடிபட்ட கையோட வந்து இன்னொருத்தர் பேரைக் காப்பாத்தப் பொய் சொல்ற நிலைமைக்கு எப்படி வந்தார்னு பாக்கணும்.

இந்த விளையாட்டோட மூலம் ஜெர்மனி. 1901-ல அங்க ஷெப்பர்ட் நாய்களுக்கு ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. பேரு ஷுட்ஸ்ஹுண்ட். இப்ப ஐ.ஜி.பி.ன்னு சொல்றாங்க (போலீஸ் ஐ.ஜி. இல்லைங்க). மூணு பகுதி: மோப்பம், கீழ்ப்படிதல், காவல். ஒவ்வொண்ணுக்கும் 100, மொத்தம் 300 மார்க். எந்த நாய் நிதானமானது, எதை இனப்பெருக்கத்துக்கு வெச்சுக்கலாம்னு கண்டுபிடிக்கத்தான் இதை ஆரம்பிச்சாங்க. அதாவது நாயைச் சோதிக்க வந்த விளையாட்டு. நம்ம பக்கத்து கிளப் சிலதுல இது புதுசா வந்த ஆளைச் சோதிக்கிற விளையாட்டா மாறிருச்சு.

முதல் மாசம் உங்க நாய் வண்டியிலயே கிடக்கும். நீங்க தண்ணி கேன் தூக்கணும், கோன் அடுக்கணும், அண்ணனுக்கு டீ வாங்கிட்டு வரணும். சரி, இதெல்லாம் எந்தக் குழுவுலயும் உள்ளதுதான்னு விட்டுரலாம். ரெண்டாவது மாசம் ஒருநாள் "நாயைக் குடு தம்பி"ன்னு கயித்தை வாங்குவாங்க. சோக் செயினை ஒரே இழுப்பு. உங்க பிள்ளை பேரு வெச்சு, பால் ஊத்தி வளத்த குட்டி, முன்னங்கால் தரையில படாம தொங்கும். சுத்தி பத்துப் பேர் கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டு இருப்பாங்க. உங்களுக்கு வயித்தைப் பிசையும். ஆனா வாயைத் திறக்க மாட்டீங்க. ஏன்னா போன வாரம் "அண்ணே, இது எதுக்கு?"ன்னு கேட்டவரை "யூடியூப் டாக்டர் வந்துட்டாருடா"ன்னு சிரிச்சு, சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்புல இருந்து தூக்கினதை நீங்க பாத்திருக்கீங்க.

இது எனக்குப் பழக்கமான வாடை. மருத்துவக் கல்லூரியில படிச்ச எல்லாருக்கும் தெரியும். "சீனியர் என்ன பண்ணாலும் பொறுத்துக்கோ, அப்பதான் கத்துக்குவ." 1996-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல நாவரசுங்கிற முதலாமாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. நாய் கிளப்பையும் அந்தக் கொடுமையையும் ஒரே தராசுல வைக்கலை. ஆனா அவமானப்படுத்தினாத்தான் ஒருத்தன் தொழில் கத்துக்குவான்ங்கிற நம்பிக்கை ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். அவமானப்பட்டவன் கத்துக்கறது எப்படித் தப்பை மறைக்கிறதுன்னுதான். வார்டுல தப்பு மறைஞ்சா நோயாளி சாவாங்க. கிரவுண்ட்ல மறைஞ்சா என்ன ஆகும்? ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்குவோம். நம்ம மாவட்டத்து உதாரணம்.

ராஜபாளையம் நாய். 2005-ல தபால் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டப்ப அதுல ஒண்ணு இது. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. இந்த அழகோட ஒரு பிரச்சினையும் கூடவே வருது: பிறவியிலேயே காது கேளாமை. டால்மேஷியன்லயும் இது உண்டு. உள்காதுல நிறமிச் செல்கள் சரியா இல்லைன்னா, பிறந்த சில வாரத்துக்குள்ள கேக்குற நரம்பணுக்கள் செத்துரும். மனுஷங்கள்லயும் இதே கதை இருக்கு. வார்டன்பர்க் சிண்ட்ரோம்னு பேரு: முன்நெத்தியில வெள்ளை முடிக்கத்தை, நீலக் கண்ணு, காது கேக்காது. குட்டிகள்லயும் நீலக் கண்ணு இருந்தா சந்தேகப்படணும்.

இப்ப அந்தக் குட்டியோட கிளப்புக்குப் போறீங்க. "உட்கார்"ன்னா உட்காராது. "வா"ன்னா வராது. முதுகு திருப்பியிருக்கும்போது கூப்பிட்டா திரும்பவே திரும்பாது. கிளப் என்ன சொல்லும்? "திமிரு." "நாட்டு நாய்க்கு மூளை கிடையாது, ஷெப்பர்ட் வாங்குங்க, நானே ஒரு குட்டி தர்றேன்." அடுத்தது முள் காலர். அப்பறம் ஷாக் காலர். காதே கேக்காத ஒரு ஜீவனுக்கு, தான் எதுக்கு வலி வாங்குறோம்னே தெரியாது. வலி வரும்போதெல்லாம் பக்கத்துல ஒரு மனுஷக் கை இருக்குங்கிறது மட்டும் தெரியும். ஒருநாள் அந்தக் கையைக் கடிக்கும். பெரும்பாலும் உங்க கையை.

காது கேக்காத பிள்ளையைப் "மந்தம்"னு சொல்லி பெஞ்சு மேல நிக்க வெச்ச காலம் நம்ம பள்ளிக்கூடங்கள்ல இருந்துச்சு. இன்னைக்கு சந்தேகம் வந்தா பச்சைக் குழந்தைக்கே பெரா டெஸ்ட் எடுக்கிறோம். தலையில எலக்ட்ரோடு ஒட்டி, காதுல சத்தம் குடுத்து, மூளைத்தண்டு பதில் சொல்லுதான்னு பாக்குற டெஸ்ட். அதே டெஸ்டைத்தான் நாய்க்குட்டிக்கும் எடுக்கணும். பெரிய கால்நடை மருத்துவமனைகள்ல கேளுங்க. அதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒண்ணு பாருங்க: குட்டி அசந்து தூங்கும்போது, தரை அதிராம, காத்து படாம, பின்னாடி தள்ளி நின்னு விசில் அடிங்க. எந்திரிக்குதா? எந்தப் பக்கம் திரும்புது? ஒரு காது மட்டும் கேக்காத குட்டி சத்தம் வந்த திசை தெரியாம முழிக்கும். ஒரு காதுப் பிரச்சினை வீட்டுச் சோதனையில தப்பிச்சும் போகும். ரெண்டு காதும் கேக்கலைன்னாகூட அந்த நாய் வீணாப்போனது இல்லை. கை சைகையில அருமையாக் கத்துக்கும். அடிச்சாத்தான் கத்துக்காது.

அடுத்தது இன்னும் மோசம். ஐ.ஜி.பி. சோதனையில வெடிச் சத்தத்துக்கு நாய் பதறுதான்னு பாப்பாங்க. 6 மி.மீ. வெத்துத் தோட்டாத் துப்பாக்கி, குறைஞ்சது 15 அடி எடுத்து வெச்ச தூரத்துல இருந்து. அவ்வளவுதான் விதி. நாம யாரு? சிவகாசிக்காரங்க! "எங்க ஊர்லயே வெடிக்குப் பயந்தா எப்படி?"ன்னு குட்டியைக் கம்பத்துல கட்டிப்போட்டு ரெண்டடி தள்ளி லட்சுமி வெடியைக் கொளுத்துறாங்க. இதுக்குப் பேரு பயம் தெளிய வைக்கிறதாம்.

பட்டாசு செய்யிற ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபலைத் தாண்டக்கூடாதுன்னு 1999-ல இருந்து விதி. 4 மீட்டர்ங்கிற வார்த்தையைக் கவனிங்க. தூரம் பாதியாக் குறையும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் கூடும். அரை மீட்டருக்கு வந்தா 18 டெசிபல் கூடுதல். அந்த இடத்துல நிக்கிறது நம்மளைவிட அதிக அதிர்வெண் வரைக்கும் கேக்குற காது. ஓட வழி இல்லாம கட்டிப்போட்டு இதைப் பண்ணா பயம் தெளியாது, ஊறிப்போகும். அடுத்த தீபாவளிக்குச் சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடி, பைபாஸ்ல அடிபட்டுக் கிடக்கும்.

சரி, அந்த வெடிச் சோதனையில எந்த நாய் ஜெயிக்கும்? நடுங்கின நாய்க்குக் "கோழை"ன்னு பட்டம். கண்ணைக்கூடச் சிமிட்டாம நின்ன வெள்ளை நாய்க்கு "சிங்கம்டா"ன்னு கைதட்டு. அந்தச் சிங்கத்துக்குக் காது கேக்குதான்னு யாராவது பாத்தீங்களா? பாக்காம அதையே கெடாவா வெச்சு நாலு வீட்டுப் பொட்டைக்குச் சேத்து விடுறீங்க. அடுத்த ஈத்துல பிறக்கிற செவிட்டுக் குட்டியைப் புதுசா வர்ற இன்னொரு தம்பி தலையில கட்டுறீங்க. அவர் அதைத் தூக்கிக்கிட்டு உங்க கிளப்புக்கே வருவார். நீங்க அதைத் "திமிரு"ம்பீங்க. "அண்ணே, இதுக்குக் காது டெஸ்ட் பண்ணலாமா?"ன்னு கேக்குற ஒரே ஆளையும் குரூப்ல இருந்து தூக்கியாச்சு.

நாட்டு நாய்க்கு மூளை இல்லைங்கிற கட்சிக்கு ஒரு தகவல். எல்லைப் பாதுகாப்புப் படை பயிற்சி குடுத்த ரியாங்கிற முதோல் நாய், லக்னோவுல நடந்த அகில இந்தியப் போலீஸ் பணித்திறன் போட்டியில வெளிநாட்டு இனங்களைத் தாண்டி முதல் பரிசு வாங்கியிருக்கு. அதுவும் நம்ம சிப்பிப்பாறை மாதிரி ஒல்லியான ஓட்ட நாய்தான்.

"அப்ப கிரவுண்ட்ல ஒழுங்கே வேண்டாமா டாக்டர்?" வேணும். கடிப் பயிற்சி நடக்கும்போது புதுசா வந்தவர் செல்போனைத் தூக்கிக்கிட்டு நடுவுல ஓடினா, அவரைச் சத்தம் போட்டுத்தான் நிறுத்தணும். முதல் ரெண்டு வாரம் நாய் இல்லாம நின்னு கவனிக்கச் சொல்றதும் நல்ல பழக்கம்தான். பொறுமையாச் சொல்லிக்குடுக்கிற அண்ணாச்சிகளும் இந்த மாவட்டத்துல இருக்காங்க. அவங்ககிட்ட ஒரு வித்தியாசம் பாக்கலாம்: "ஏன்?"னு கேட்டா பதில் சொல்வாங்க. தெரியலைன்னா "டாக்டர்கிட்ட காட்டுங்க"ம்பாங்க. அவங்க கிளப்ல இருந்து எனக்கு யாரும் "தெரு நாய்" சீட்டோட வந்ததில்லை.

அந்தப் பொய்க்கு வர்றேன். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்த முடியாது. கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு சாவு. அதனால கடிச்சது யாரோட நாய், தடுப்பூசி போட்டதா, இப்ப எங்க இருக்குன்னு கேக்குறோம். ஊசியை அன்னைக்கே ஆரம்பிச்சுருவோம், அதுக்காகக் காத்திருக்க மாட்டோம். ஆனா கடிச்ச நாயை 10 நாள் கண்காணிச்சு அது நல்லா இருந்துச்சுன்னா, கடிச்ச அன்னைக்கு அதோட எச்சில்ல கிருமி இல்லைன்னு அர்த்தம். "தெரு நாய்"ன்னு நீங்க எழுதின நிமிஷம் அந்த 10 நாள் தகவல் போச்சு. அந்த நாய்க்கு உண்மையிலேயே நோய் இருந்தா, அடுத்த ஞாயிறு அது இன்னொருத்தர் கையில இருக்கும். கிளப் பேரு மட்டும் பத்திரமா இருக்கும்.

கடி பட்டா கிளப்லயே குழாயைத் திறந்து, சோப்பு போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்க. மஞ்சப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். "தையல் போட்டு விடுங்க சார்"னு அவசரப்படாதீங்க. ஆழமான காயத்துக்கு முதல்ல காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் போடணும். தடுப்பூசி 0, 3, 7, 28-ம் நாள். அரசு ஆஸ்பத்திரியில இலவசம். நாலையும் போட்டு முடிங்க. ரெண்டோட நிறுத்தாதீங்க.

நாய்களோட வாராவாரம் புழங்குறவங்க கடி வாங்குறதுக்கு முன்னாடியே 0, 7, அப்பறம் 21 அல்லது 28-ம் நாள்னு மூணு ஊசி போட்டுக்கலாம். அப்படிப் போட்டவங்களுக்குப் பின்னாடி கடி பட்டா 0, 3-ம் நாள் ரெண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஸ்லீவுக்கும் பைட் சூட்டுக்கும் ஆயிரக்கணக்குல செலவழிக்கிற கிளப் எத்தனை, புதுசா வர்றவங்ககிட்ட "இந்த ஊசி போட்டியா தம்பி?"ன்னு கேட்டிருக்கு? சந்தா கட்டும்போது நீங்க கேளுங்க. கூடவே அந்த நாய்களோட தடுப்பூசி அட்டையையும் காட்டச் சொல்லுங்க. மூஞ்சியைத் தூக்குனா வண்டியைத் திருப்புங்க.

ஏற்கெனவே "தெரு நாய்"ன்னு சீட்டு போட்டவங்க இதைப் படிக்கிறீங்கன்னா, அந்த ஓ.பி. சீட்டை எடுத்துக்கிட்டு ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்கே போங்க. டியூட்டி டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. பதிவை மாத்தி எழுதுவாங்க. நாய் இப்ப எப்படி இருக்குன்னு கிளப்ல கேட்டுட்டுப் போங்க. செத்துப்போச்சு, இல்லை காணோம்னு பதில் வந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க. இன்னைக்கு ராத்திரியே போங்க. காஷுவாலிட்டி 24 மணி நேரமும் திறந்துதான் இருக்கும்.