சத்தம் வரவில்லை என்றால் பத்திரம் என்று அர்த்தமா?



போன வாரம் கடலூரிலிருந்து சிதம்பரம் போயிருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், "சார், அம்மா தனியா இருக்காங்க. வயர்லெஸ் அலாரம் போட்டிருக்கேன். ஒரு தடவை பார்த்துட்டு வாங்க" என்று கேட்டிருந்தான். கதவுகளில் சென்சார், கூடத்தில் ஒரு பெட்டி, அவன் கைப்பேசியில் ஆப்.

அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொல்லைக் கதவு சென்சாரின் பேட்டரியைக் கழற்றினேன். கதவை விரியத் திறந்து வைத்தேன். சத்தமே இல்லை. அரை மணி கழித்து அவனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால், "எல்லாம் சரியா இருக்குன்னு காட்டுது சார்" என்கிறான்!

இது எப்படி வேலை செய்கிறது? கதவு திறந்தால் காந்தம் விலகும், சென்சார் ரேடியோ அலையில் ஒரு குறியீட்டை அனுப்பும், பெட்டி அலறும். விலை குறைந்தவை பலவற்றில் 433 மெகாஹெர்ட்ஸில் எப்போதும் ஒரே குறியீடுதான். அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பினால் செய்தி பெட்டிக்குப் போய்ச் சேராது. அலாரத்தை அணைக்கும் ரிமோட்டின் குறியீட்டைப் பதிவு செய்து, பிறகு அப்படியே திருப்பி அனுப்பவும் முடியும். அமெரிக்காவில் பெயர்பெற்ற நிறுவனங்களின் கருவிகளிலேயே இந்தக் கோளாறு இருப்பதை 2014-இல் லோகன் லாம்ப் என்ற ஆய்வாளர் காட்டினார்.

நான் 34 வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவன். பெயர் கூப்பிட்டு "உள்ளேன் ஐயா" வராவிட்டால் அவன் அன்று வரவில்லை. நல்ல அலாரமும் அப்படித்தான். ஒவ்வொரு சென்சாரும் குறித்த இடைவெளியில் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டி எச்சரிக்க வேண்டும். அந்த வீட்டுக் கருவியில் பதிவேடே இல்லை. யாரும் கத்தவில்லை என்றால் எல்லோரும் வந்துவிட்டதாக எழுதிக்கொள்கிறது.

திருடன் ரேடியோ கருவியோடுதான் வருவான் என்று பயமுறுத்தவில்லை. மெயினை அணைப்பது அதைவிடச் சுலபம். கரண்ட் போனால் வைஃபை போகும், ஆப் ஊமையாகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, வாங்கும்முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. சென்சார் பேசாமல் போனால் பெட்டி சொல்லுமா? எவ்வளவு நேரத்தில்?
2. குறியீடு ஒவ்வொரு முறையும் மாறுமா?
3. பெட்டியைக் கழற்றினால் அலறுமா? உள்ளே பேட்டரியும் சிம் கார்டும் உண்டா?

கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள். மாட்டிய பிறகும் மாதம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றி நீங்களே சோதியுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கிளம்பும்போது, "தனியா இருக்க பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன். "காலையில வாசல்ல கோலம் இல்லேன்னா எதிர்வீட்டுப் பொண்ணு வந்து எட்டிப் பார்த்துடும் சார்" என்றார்கள்.

பதிவேடு அங்கே இருந்திருக்கிறது! கருவியை மாற்றச் சொன்னதோடு, அந்தப் பெண்ணின் எண்ணையும் கேட்டு வாங்கி மாணவனுக்கு அனுப்பினேன். இத்தனை வருடத்தில் அவனிடம் அது இல்லை.

உங்கள் அம்மா வீட்டு எதிர்வீட்டு எண் உங்களிடம் இருக்கிறதா?

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்