ஓசி கரண்டைத் திட்டுவதற்கு முன்னால்

கரண்ட் பில் ஏறும்போதெல்லாம் வாட்ஸப் குரூப்பில் ஒரு தீர்ப்பு வந்துவிடும்: ‘ஓசியில நூறு யூனிட் கொடுத்தா இப்படித்தான்.’ 2016-ல் வந்த அந்தச் சலுகைக்கான பணத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. வாரியத்தின் ஆகப் பெரிய செலவு மின்சாரம் வாங்குவது. அந்த விலையோ பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ போட்ட கையெழுத்தில் முடிவானது.

கமுதியைப் பாருங்கள். 648 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு 2015 ஜூலையில் அதானி குழுமத்தோடு ஒப்பந்தம். யூனிட் 7.01 ரூபாய், 25 வருஷம். அது ஏலத்தில் வந்த விலை இல்லை; ஒழுங்குமுறை ஆணையம் 2014-ல் கணக்குப் போட்டு நிர்ணயித்தது. அதே ஜூலையில் மத்தியப் பிரதேசம் ஏலம் விட்டது. அங்கே வந்த மிகக் குறைந்த கேள்வி 5.05 ரூபாய். 2017-ல் தமிழ்நாடே ஏலம் விட்டபோது 3.47! ‘விலை இப்படி விழும்னு யாருக்குத் தெரியும்?’ என்பார்கள். தெரியாததால்தானே ஏலம் விடுவது? எங்கள் டீமில் மூன்று வருஷத்துக்கு ஒரு சர்வரை முன்பதிவு செய்யவே நாலு மீட்டிங் நடக்கும்.

நிலக்கரியில் சங்கதி வேறு. எரிபொருளுக்குத் தனி, நிலையம் தயாராக நிற்பதற்குத் தனி என்று இரண்டு கட்டணம். ஹாஸ்டல் மெஸ் மாதிரி, ஊருக்குப் போய்விட்டாலும் ஒரு தொகை உண்டு. ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று பேயாக வீசும். அந்த மின்சாரத்தை எடுத்துக்கொண்டு அனல் நிலையத்தை ஓரங்கட்டினாலும், அதற்கு மொய் எழுதியே ஆகவேண்டும்.

2012-ல் கோவைப் பட்டறைகள் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்ததை நான் மறக்கவில்லை. அந்தப் பயம் நிஜம். ஆனால் வெட்டு 2008 வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டது. அவசரப்பட வேண்டிய நேரத்தில் அவசரப்படவில்லை. சொந்த நிலையங்களோ இன்னும் மோசம். வட சென்னை மூன்றாம் நிலை, 800 மெகாவாட், 2016-ல் தொடங்கியது. திறந்தது 2024 மார்ச்சில். நடுவில் ஏறிய வட்டி கட்டுமானச் செலவில் சேரும், அங்கிருந்து யூனிட் விலைக்கு வரும்.

கட்டண உயர்வுக் கருத்துக்கேட்பில் போய்க் கத்துகிறோம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இப்போது பேட்டரிச் சேமிப்புக்கு டெண்டர் விட ஆரம்பித்திருக்கிறார்கள். என்ன விலை, எத்தனை வருஷம், பயன்படுத்தாத நாளுக்கும் பணம் உண்டா? குரூப்பில் இதை யாராவது கேட்டீர்களா?