எளிய உயிரும் சிறிய குளமும்

எளிதிற் கிடைப்பதை உலகம் மதியாது, அரியதையே போற்றும். இவ்வியல்பு சிற்றுயிர்கள்மாட்டும் தீங்கு விளைத்தல் கண்டு யாம் இதனை எழுதப் புகுந்தோம்.

ஐரோப்பியக் குளங்களில் நியூட்டு என்னும் உயிரொன்று உண்டு. வடிவிற் பல்லியை ஒப்பினும், செதிலற்ற மென்றோலுடைய அது தவளைக்கே உறவாவது. சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசு 1758-ஆம் ஆண்டில் அதனைப் பல்லியினத்துட் சேர்த்து, 'பொதுவானது' எனப் பொருள்படும் 'வல்காரிஸ்' என்னும் இலத்தீன் அடைமொழியும் சூட்டினார். பல்லியென்ற பிழை பின்னர்த் திருத்தப்பட்டது. பொதுவானதென்ற பெயரோ நின்றுவிட்டது.

அப்பொதுவுயிரின் வாழ்வைக் காண்மின்! குளிர்காலத்தே கல்லின் கீழும் மரக்கட்டையின் கீழும் ஒடுங்கிக் கிடந்து, இளவேனிலிற் குளம் நாடும். அப்பொழுது ஆணின் முதுகில் அலைபோல் நெளியும் சிகை எழும். பெண் தன் முட்டைகளைத் திரளாக இடாது, ஒவ்வொன்றாக இட்டு, பின்னங்கால்களால் நீர்ப்பூண்டின் இலையை மடித்துப் பொதியும். தவளையின் தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால் முற்படத் தோன்றும். இதன் குஞ்சிற்கோ முன்னங்காலே முற்படும். இறகனைய செவுள்களால் உயிர்த்த குஞ்சு, அவை நீங்கியபின் கரையேறும். காலோ வாலோ அறுபடினும் மீண்டும் வளர்த்துக்கொள்ளும்.

ஆயினும், தூர்ந்த குளத்தை மீண்டும் ஆக்கிக்கொள்ள அது வல்லதோ? பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் இதனை விற்றலைத் தடுக்கின்றது. இதன் குளத்தைக் காப்பதில்லை. இதற்கு உறவான அரிய சிகைப் பெருநியூட்டிற்கோ உறைவிடத்திற்கும் காவலுண்டு. அருகினாலன்றிக் காவல் கிடையாது போலும்!

பல்கியிருப்பதற்குக் காவல் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். பல்கியிருக்கும்போதே காத்தல் எளிது என்பதே எம் விடை. குளத்தைத் தூர்க்காமையும், குஞ்சுகளை விழுங்கும் மீன்களை அதில் விடாமையுமே பெரிதும் போதும். அருகியபின் காக்கப் புகுவார்க்குப் பெரும்பொருளும் பேருழைப்பும் வேண்டும். அவற்றாலும் பயன் உறுதியன்று.

உயிர்களுக்கெல்லாம் பெயரிடும் உரிமையை ஆதாம் பெற்றான் என்று ஆதியாகமம் கூறும். அதற்கு முன்னரே தோட்டத்தைக் காக்கும் கடமையும் அவனுக்கு விதிக்கப்பட்டது. மாந்தராகிய நாம் உரிமையைக் குறைவறச் செலுத்திவிட்டோம். கடமையோ இன்னும் நிலுவையில் நிற்கின்றது.