எண்ணிக்கைக்கு எட்டாத ஆய்வு

1998-ல் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டனர். 2010-ல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதைச் சுட்டிய ஆய்வுகளோ ஆயிரத்துக்கும் மேல், பெரும்பாலானவை மறுப்பு.

மேற்கோள் கணக்கில் மறுப்பும் பாராட்டும் ஒன்றுதான்.

ஆய்வாளரை மேற்கோள்களால் அளக்கும் எச்-குறியீட்டிலும் அப்படித்தான். ஒருவருக்குத் தலா 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் மதிப்பெண் 20. இந்த ஓர் எண்ணை நம்பிப் பதவி உயர்வு தருவது அநியாயம். தேர்வுக் குழு கட்டுரைகளைத் திறந்து படிக்கட்டும்.

ஓர் ஆய்வின் துணிச்சலையும் எண் சொல்லாது. 1984-ல் ஆஸ்திரேலிய இளம் மருத்துவர் பாரி மார்ஷல், வயிற்றுப்புண்ணுக்குக் கிருமியே காரணம் என்றபோது நம்பியவர்கள் குறைவு. அந்தக் கிருமியான ஹெலிகோபாக்டர் கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாள்களில் குமட்டல், வாந்தி, இரைப்பை அழற்சி. எச்-குறியீட்டை ஹோர்கே ஹிர்ஷ் அறிமுகப்படுத்திய அதே 2005-ல், ராபின் வாரனோடு மார்ஷலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.